இறாலுக்கு ஏறாத டொலர்

சீதேவிப்பிள்ளை அக்கா நல்லவள் என்று எங்கள் ஊரில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு, முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவளை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நாங்கள் ஆறு என்போம். அப்போது இருபத்திரண்டு குடும்பங்கள் அந்த ஆற்றை நம்பிச் சாப்பிட்டோம். யுத்தக் காலம், இரவில் தோணி இறக்கக் கூடாது என்று ஆமியின் கட்டளை. விடிந்த பிறகுதான் வலை வீசலாம். பிடிக்கும் இறாலை இராசதுரை முதலாளி கிழமைக்கு இரண்டு தடவை லொறியில் வந்து எடுப்பார். அது கொழும்புக்குப் போய் ஐஸ் பெட்டியில் வெளிநாட்டுக்குக் கப்பலேறும்.

அந்த லொறி வெறுமனே வராது. பால்மா, சீனி, கோதுமை மா, வலை முடிய நைலோன் நூல் என்று சாமான்களோடு வரும். பின்கதவில் சோக்குக் கட்டியால் சாமான் விலை எழுதியிருக்கும். முதலாளி இறாலுக்கு ஒரு கையால் காசு தருவார். நாங்கள் சாமான் வாங்க, அதே காசை மறு கையால் வாங்கிக்கொள்வார். பாதி நாட்களில் அந்த நோட்டு எங்கள் உள்ளங்கையில் சூடேறக்கூட நேரமிருக்காது.

சீதேவிப்பிள்ளை அக்காவின் புருஷன் தங்கராசா அண்ணனுக்கு ஊரில் வைத்த பெயர் டொலர். டொலர் விலை சொல்லும் வானொலிச் செய்தி கேட்காமல் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. பற்றரி விலை ஏறினால் பழைய பற்றரியை வெயிலில் காயப்போட்டுக் கேட்பார். மழை நாளில் அடுப்பங்கரையில் வைப்பார். ஒருநாள் பற்றரி சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வெடித்து அக்கா அவரை மூன்று நாள் பட்டினி போட்டாள்.

அந்தத் தை மாதம்தான், டொலரின் விலையை இனி அரசாங்கம் பிடித்து வைக்காது, சந்தையே தீர்மானிக்கட்டும் என்று கொழும்பில் விட்டுவிட்டார்கள். எண்பது ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் கயிறறுந்த மாடாக ஓடத் தொடங்கியது. எங்களுக்கு அது என்னவென்றே தெரியாது. டொலரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணன் ஒரு பால்மாப் பக்கற்றோடு எங்கள் வளவுக்கு வந்தார்.

"அன்னம், இஞ்ச பாரு புள்ள" என்று பக்கற்றைத் திருப்பிக் காட்டினார். அச்சடித்த விலைக்கு மேல் சின்னத் துண்டொன்று ஒட்டி, அதில் புது விலை போட்டிருந்தது. அண்ணன் நகத்தால் துண்டைச் சுரண்டி எடுத்தார். அடியில் பழைய விலை தெரிந்தது.

"இது கப்பல்ல வரேக்குள்ள டொலர் எண்பது. கடைத் தட்டுல சும்மா குந்திக்கிட்டு இரிந்த பக்கற்று எப்பிடி ஏறும்?"

"கடைக்காரன்ட்டக் கேக்கிறதுதானே?"

"கேட்டன். இதை வித்த காசுல அடுத்த பக்கற்றை வாங்க ஏலாதாம். அது புது டொலருக்குத்தான் வருமாம். அவன் சொல்லுறதிலயும் ஞாயம் இரிக்கி." தலையைச் சொறிந்தார். "அப்ப நம்மட இறாலும் டொலருக்குத்தானே போகுது? அதுக்கு ஏன் ஏறல்ல?"

அந்தக் கேள்வி ஊரைச் சுற்றி வந்தது. மாவும் சீனியும் ஏறின. நைலோன் நூல் எல்லாவற்றையும் விட வேகமாக ஏறியது. முன்பெல்லாம் ஒரு கிலோ இறாலைக் கொடுத்தால் இரண்டு பால்மாப் பக்கற்றும் இரண்டு கிலோ சீனியும் வீட்டுக்கு வரும். இப்போது இரண்டு பக்கற்றோடு காசு முடிந்தது. சீனி லொறியிலேயே திரும்பிப் போனது.

ஆம்பிளைகள் போய் முதலாளியைக் கேட்டார்கள். அவர் கோபப்படவே இல்லை. "அது பழைய ஒப்பந்தம் தம்பிமாரே. கொழும்புல இறாலுக்கு இன்னும் விலை ஏறல்ல. ஏறினா நான் தராம இரிப்பனா?" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் தங்கராசா அண்ணனின் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. இறாலை விற்காமல் உயிரோடு வைப்பது. கரையோரத்தில் தடி நட்டு, பழைய வலையால் சுற்றிக் கூடு கட்டி, பிடித்ததையெல்லாம் அதற்குள் விடுவது. வீட்டுக்கு ஒரு கூடு. இரண்டு தடவை லொறி வெறும் ஐஸோடு திரும்பினால் முதலாளிக்குப் புத்தி வரும். தன் இரண்டாவது வலையை அண்ணன் துண்டு துண்டாக வெட்டி, பழைய வலை இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தார். ஆம்பிளைகளுக்கு ஒரே குதூகலம். அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மழைக்காலத்துல கரையோரமாக் கூடு கட்டுறீங்க. முகத்துவாரத்தை வெட்டினா?"

அதை விளக்க வேண்டும். எங்கள் ஆறு கடலோடு சேரும் வாயை மணல் அடைத்திருக்கும். மழை கூடினால் ஆறு நிரம்பி, மேற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் விளைந்த நெல் தண்ணீரில் கிடக்கும். விவசாயிகள் முறையிட்டதும் மணலை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் கடலுக்குப் பாயும். சில மணி நேரத்தில் கரையோரமெல்லாம் சேறாகிவிடும்.

"வெட்டுறதெண்டா முதல் நாளே ஸ்பீக்கர் கட்டிச் சொல்லுவாங்கதானே" என்றார் அண்ணன். "சொன்ன உடன கூட்டை ஆழத்துக்குத் தள்ளிட்டாச் சரி."

சொன்னார்கள். அதுதான் கொடுமை. மூன்றாம் நாள் பொழுதுபட ஸ்பீக்கர் கட்டிய கார் பெரிய ரோட்டால் போயிருக்கிறது. அந்த நேரம் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் அண்ணன் வீட்டு முற்றத்தில் வானொலியைச் சுற்றி இருந்து, டொலர் எவ்வளவு என்று கேட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறை நெருங்கிவிட்டதாம். எங்கோ கொழும்பில் ஏறும் டொலர் காதில் விழுந்தது. எங்கள் ஆற்றில் தண்ணீர் இறங்கப் போவது ஒருவர் காதிலும் விழவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் விடியுமுன் ஆமியின் சுற்றிவளைப்பு. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். என் புருஷன் சட்டை போடவும் நேரமில்லாமல் போனார். எப்போது விடுவார்கள், எல்லோரையும் விடுவார்களா, யாருக்குத் தெரியும்? நாங்கள் அடையாள அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலே ஓடி, கொடுத்துவிட்டு, திரும்பி வந்து வீட்டுப் படலையோரம் நின்று கையைப் பிசைந்தோம்.

ஒன்பது மணியிருக்கும். ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கூட்டுத் தடிகளில் ஈரக்கோடு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"அக்கா! ஆறு வத்துது!"

அக்கா ஓடி வந்து பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள். "வெட்டிட்டாங்க" என்றாள்.

இருபத்திரண்டு கூடு. மூன்று நாள் பிடித்த இறால். மூன்று நாளாக ஒரு வீட்டிலும் காசு வரவில்லை. கூட்டோடு தள்ளலாம் என்றால் சேற்றில் இறங்கித் தடியைப் பிடுங்கத் தோணியும் ஆம்பிளைகளும் வேண்டும். தோணிகளை ஆமி சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. கரையில் ஒரு சிப்பாய் துவக்கோடு நின்றான். மீசை முளைக்காத முகம்.

அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவனிடம் நடந்தாள். அவன் துவக்கைக் கொஞ்சம் உயர்த்தி, "எங்க போறது?" என்றான். அக்கா ஆற்றைக் காட்டினாள். "இறால். சாகப்போகுது. பொம்பிளையள் மட்டும் இறங்குறம். நீங்க பாத்துக்கிட்டு நில்லுங்க." அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, கூட்டுக்குள் துள்ளும் இறாலை எட்டிப் பார்த்தான். பிறகு ஒற்றை விரலால் கரையோரம் ஒரு கோடு போட்டுக் காட்டினான். அதைத் தாண்டக் கூடாது. நாங்கள் இருபத்திரண்டு பேரும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினோம்.

இறங்கி என்ன செய்வது? சேற்றைக் கையால் தோண்டிக் கூடுகளைச் சுற்றிப் பள்ளமாக்கினோம். பள்ளம் நிரம்ப நிரம்ப ஆறு இறங்கிக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்குக் கரை மேட்டில் லொறி சத்தம் கேட்டது. முதலாளியிடம் ஆமி கொடுத்த பாஸ் இருந்ததால் சுற்றிவளைப்புக்குள்ளும் விட்டிருந்தார்கள். நான் கடவுளே என்று கும்பிட்டேன்.

இராசதுரை முதலாளி இறங்கி வந்து ஆற்றைப் பார்த்தார், கூடுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நடந்தது அவருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வியாபாரி.

"என்ன பிள்ளையள், இறால் சாகப் போகுது போல? அள்ளுங்க, ஐஸ் இரிக்கி. விலை பழைய விலைதான்."

நானும் இன்னும் நாலைந்து பேரும் வலையைப் பிடித்துவிட்டோம். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"பழைய விலையா, முதலாளி?"

"ஓம். கூட ஒரு சதமும் கேக்காத. ஏலா."

"சரி. பழைய விலைக்கே தாறம்." எனக்குப் போன உயிர் வந்தது. அக்கா கையை நீட்டி லொறியின் பின்கதவைக் காட்டினாள். "அப்ப அதுல எழுதியிரிக்கிற விலையையும் அழிச்சிப்போட்டுப் பழைய விலையை எழுதுங்க."

முதலாளி சிரித்தார். "அது எப்பிடிப் புள்ள? மாவும் பாலும் கப்பல்ல வாற சாமான். டொலர் ஏறிட்டு."

"இறாலும் கப்பல்லதானே போகுது?" அக்காவின் குரல் உயரவில்லை. "உங்கட லொறி வரேக்குள்ள டொலர் ஏறி வருது. போகேக்குள்ள மட்டும் இறங்கிப் போகுதா? ரெண்டும் பழசு எண்டாப் பழசு. ரெண்டும் புதுசு எண்டாப் புதுசு. எங்களுக்கு எதெண்டாலும் சரி."

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. லொறியடிக்குத் திரும்பி, நிழலில் நின்று சிகரெட் பற்ற வைத்தார். அவர் ஏன் அவசரப்பட வேண்டும்? தண்ணீர் அவர் பக்கம் அல்லவா வேலை செய்துகொண்டிருந்தது! கணுக்கால் வரை வந்ததும் நாங்களே கும்பிட்டுக் கொடுப்போம் என்று அவருக்குத் தெரியும்.

எங்களுக்கும் தெரியும். கரைக்கு மிக அருகில் இருந்த மூன்று கூடுகளில் இறால் சேற்றில் புரண்டு வெளிறத் தொடங்கியது. அந்த மூன்று பெண்களும் ஒப்பாரி வைத்தார்கள். அப்போதுதான் எனக்குப் பொறுமை போனது. "உன்ட புருசன்ட டொலரால எங்கட வயித்தில மண் விழுந்திட்டு. விலை கதைக்க நீ ஆரு? உன்ட வாயைப் பொத்திக்கிட்டு அந்தாளுக்கு அள்ளிக் குடு" என்று தொடங்கி, எழுத முடியாத வார்த்தைகளெல்லாம் என் வாயிலிருந்து வந்தன. அக்கா எல்லாவற்றையும் கேட்டாள்.

இடுப்பில் செருகியிருந்த மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள். தன் கூட்டுக்கு நடந்தாள். ஆற்றைப் பார்த்த பக்கத்து வலையை மேலிருந்து கீழ்வரை ஒரே கிழி.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு இறால் வாசலைக் கண்டுபிடித்தது. கண்ணாடித் துண்டுகளைக் கொட்டியதுபோல் கூட்டமாக வெளியே போனது. எட்டு ஒன்பது கிலோ இருக்கும். எல்லாவற்றிலும் பெரிய கூடு அதுதான். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"பைத்தியமா உனக்கு?" முதலாளி சிகரெட்டை எறிந்துவிட்டுத் தண்ணீர் விளிம்பு வரை ஓடி வந்தார்.

"செத்தா ஒருத்தருக்கும் இல்ல" என்றாள் அக்கா. "உயிரோட போனா நாளைக்கு நம்மட வலையிலயே விழும். விழாட்டிக் கடலுக்குப் போகட்டும்."

அடுத்த கூடு என்னுடையது. அக்கா அதன் முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தாள். கத்தியை வலையில் வைக்கவில்லை. கேட்கவும் இல்லை. என் கூடு, நான்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் என் மூன்று பிள்ளைகளும் காலையிலிருந்து வெறும் தேத்தண்ணீரோடு இருந்தார்கள். புருஷன் மைதானத்தில். இந்தக் கூட்டில் ஏழு கிலோ. சற்று முன் இவளைத் தின்றுவிடுவதுபோல் திட்டியவள் நான். அக்காவின் கண்ணைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவளுக்கும் என்னைப் போலவே பயம் என்று அப்போதுதான் கண்டேன். வெட்டு என்று வாயால் சொன்னேன். வயிறு சொல்லவில்லை.

கத்தி வலையில் ஏறியது. கிழிக்குமுன் லொறிக்குள் இருந்து ஹோர்ன் அடித்தது. ஓட்டமாவடியைச் சேர்ந்த சாரதி சாலிஹ் தலையை வெளியே நீட்டினார்.

"மொதலாளி, ஒரு மணிக்கு வெளிக்கிடாட்டிப் பொலநறுவைப் பாதையைப் பூட்டிருவாங்க. போன தரமும் வெறும் ஐஸோட போயாச்சி. இண்டைக்கும் வெறும் ஐஸைத்தான் கொழும்புக்கு ஏத்துறதா?"

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை ஓடியது.

"ரெண்டும் பழசு" என்றார். "கத்தியை எடு புள்ள."

"முதல்ல அழிங்க" என்றாள் அக்கா.

முதலாளி தன் கைலேஞ்சியால் பின்கதவைத் துடைத்தார். சாலிஹ் சோக்கை எடுத்துப் பழைய விலைகளை ஒவ்வொன்றாக எழுதினார். அவர் எழுதி முடிக்குமுன் நாங்கள் கூடைகளோடு பாய்ந்துவிட்டோம். கரையில் நின்ற சிப்பாய்கூடத் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு ஒரு கூடையைத் தூக்கிக் கொடுத்தான். பதினெட்டுக் கூடு இறால் துள்ளத் துள்ள ஐஸுக்குப் போனது. மூன்று கூடு செத்துவிட்டது. அந்த மூன்று வீடுகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு பிரித்தோம். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க லொறி கிளம்பியது. கரை மேட்டில் பால்மாவும் சீனியும் மாவும் நைலோன் நூலும் குவிந்து கிடந்தன.

அந்தக் குவியலில் சீதேவிப்பிள்ளை அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. பங்கு பிரித்தபோது அவளுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சாமானைக் கண்ட மகிழ்ச்சியில் மறந்தோம் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அதுதான் உண்மை. அவளும் கேட்கவில்லை. கத்தியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு ஆம்பிளைகளை விட்டார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த நாட்களில் அதுவே பெரிய விஷயம். தங்கராசா அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆற்றுக்கு ஓடினார். அவருடைய கூடு கிழிந்து தொங்கியது. அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"நம்மட இறால் எங்க?"

"விட்டுட்டன்."

"என்ன விலைக்குக் குடுத்த?"

"குடுக்கல்ல. நம்மடதை அவிட்டாத்தான் மத்தவங்கட கூட்டுக்கு விலை வரும் எண்டு தெரிஞ்சிச்சி. ஸ்பீக்கரைக் கேக்காம டொலரைக் கேட்டவர் நீங்கதானே? நம்மட கூட்டைத்தானே முதல்ல வெட்டோணும்?"

அண்ணன் அப்படியே சேற்றில் குந்திவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அக்கா "ஒழும்புங்க, சோறில்ல, கிழங்கு அவிச்சிரிக்கன்" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள்.

நான் அதைக் கேட்டுக்கொண்டு வேலியோரம் நின்றேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு ஓடி இரண்டு பால்மாப் பக்கற்றும் சீனியும் எடுத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனேன். அவளிடம் நீட்டினேன்.

அக்கா பக்கற்றை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். புது விலைத் துண்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன விலை, அன்னம்?"

"பழைய விலைதான், அக்கா."

நகத்தால் துண்டைச் சுரண்டி எடுத்து, அடுப்பங்கரையில் இருந்த வானொலிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஆத்துக்குள்ள நிண்டு என்னைத் திட்டினியே. அது எந்த விலை? பழசா, புதுசா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. அழுதேன். அவள் கேத்திலை அடுப்பில் வைத்து, பக்கற்றைப் பிரித்து, பால் போட்டு மூன்று தேத்தண்ணீர் ஊற்றினாள். முதல் கோப்பையை என்னிடம்தான் நீட்டினாள்.